வாசலில் எடுக்கிற பிரஷர் அளவு யாரிடம் போய்ச் சேர வேண்டும்?

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைச் செயலர் அவர்களுக்கும், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத்துறை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற சமுதாய சுகாதாரச் செவிலியர். திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களில் தடுப்பூசிப் பையும் கர்ப்பிணிப் பதிவேடுமாக என் பணிக்காலம் போனது. பிரஷர், சுகர் என்று தனியாக ஒரு பதிவேடு எங்கள் கைக்கு வந்ததெல்லாம் பிற்பாடுதான். இப்போது ஊருக்குள் யார் வீட்டுக்குப் போனாலும் சாமி படத்துக்குப் பக்கத்திலோ டிவி மேலேயோ ஒரு மாத்திரை அட்டை இருக்கிறது. பாதி கிழித்தது, பாதி கிழிக்காதது. அந்தக் கிழிக்காத பாதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னார்வலர் வீட்டு வாசலில் எடுக்கும் ரத்த அழுத்த அளவு, மாத்திரையைக் கூட்டவும் மாற்றவும் அதிகாரம் உள்ள ஒருவரிடம் அதே வாரத்தில் போய்ச் சேர வேண்டும். அவர் எடுத்த முடிவு நோயாளியின் காதுக்குத் தமிழில், ஒரு மனிதக் குரலில் திரும்பி வர வேண்டும். செல்போனை இந்த வேலைக்கு முழுமையாகப் பயன்படுத்துங்கள். மற்ற வசதிகளெல்லாம் இதற்கு அப்புறம் வரட்டும்.

வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாட்டில் எடுத்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. நூறு பேரில் ஏழு பேர்! ஆஸ்பத்திரிக்கு நடக்க முடியாதவர்களுக்கும், நடக்க முடிந்தாலும் ஒருநாள் கூலியை விட முடியாதவர்களுக்கும் மாத்திரை வாசலுக்கு வந்தது என்பது சின்னக் காரியம் இல்லை. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது கிடைத்தது; அதற்கு முழுத் தகுதியும் உண்டு. மகளிர் குழுவில் இருந்து வந்த அந்தப் பெண்கள் வெயிலிலும் மழையிலும் பிபி மெஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் உழைப்பு வீணாகக் கூடாது என்ற எண்ணமே என்னை எழுத வைத்தது.

ஒரு நோயாளியை நினைத்துப் பாருங்கள். அறுபது வயதுப் பெண், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம், தினமும் ஒன்று. தன்னார்வலர் வந்து பார்க்கிறார்: 164/98. எழுதிக்கொள்கிறார், மாத்திரை கொடுக்கிறார், உப்பைக் குறையுங்கள் என்கிறார். அடுத்த முறை 160/96. அதற்கடுத்த முறை 166/100. மூன்று முறையும் சரியாக அளந்து, சரியாகப் பதிந்து, சரியாக மாத்திரையும் கொடுத்தாயிற்று. ஆனால் அந்தப் பெண்ணின் பிரஷர் அப்படியே நிற்கிறது. அவருக்கு ஒரு மாத்திரை போதவில்லை. டெல்மிசார்டனோ வேறொன்றோ கூடச் சேர வேண்டும். அதைச் சொல்லத் தன்னார்வலருக்கு அதிகாரம் இல்லை, இருக்கவும் கூடாது. சொல்ல வேண்டிய டாக்டர் பல கிலோமீட்டர் தள்ளி, வரிசையில் நிற்கிற நோயாளிகளுக்கு நடுவே இருக்கிறார். இந்த அம்மா அங்கே வந்து நின்றால்தான் அவர் கண்ணில் படுவார். வாசலிலேயே மாத்திரை கிடைக்கும்போது அவர் ஏன் வரப்போகிறார்?

வாசலுக்கு மாத்திரை வருகிற ஏற்பாட்டிலேயே இந்த ஆபத்து இருக்கிறது. மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறது, வைத்தியம் மட்டும் ஒரே இடத்தில் நின்றுபோகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. மாத்திரை தொடங்கினாலோ மாற்றினாலோ, அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். வந்தபின் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். கட்டுக்குள் வராதவருக்கும் வந்துவிட்டவருக்கும் ஒரே மாதிரி மாத்திரை கொடுத்துவிட்டு நகர்ந்தால் இந்த வேறுபாடே அழிந்துபோகும்.

நம் துறைக்கு இது புதிய வித்தையும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு இதைச் செய்து காட்டியவர்கள் நாம். பிக்மி என்கிற கர்ப்பிணிப் பதிவு எண் போட்ட ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் பிரஷர் 150 வந்தால் என்ன நடக்கும்? அவர் பெயர் ஆபத்துப் பட்டியலுக்குப் போகும். கிராம சுகாதாரச் செவிலியர் போன் போடுவார், எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போவார், மாமியாரோடு சண்டை போட்டாவது ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவார். டாக்டர் மறுநாள் கேட்பார்: “அந்தப் பொண்ணு என்னாச்சு?” அந்தக் கேள்விக்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பேறுகால மரணத்தைத் தமிழ்நாடு குறைத்ததில் அந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு. அதே பெண்ணுக்கு அறுபது வயதில் 166 வந்தால் யார் கேட்கிறார்கள்?

செல்போன் வழி மருத்துவம் என்றதும் செயலி செய்து கொடுக்கப் பலர் வரிசையில் நிற்பார்கள். எதை வாங்குவது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் முன் உலகம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்ததைக் கொஞ்சம் கவனியுங்கள்.

அமெரிக்காவில், அழுத்தம் கட்டுக்குள் வராத நானூற்றுச் சொச்சம் பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி 2018இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினரின் ஸ்மார்ட்போனில் மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி. பன்னிரண்டு வாரம் கழித்து, செயலி வைத்திருந்தவர்கள் “மாத்திரையைக் கொஞ்சம் ஒழுங்காகப் போடுகிறோம்” என்றார்கள். அழுத்தத்தில் மட்டும் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஹரியானாவிலும் கர்நாடகத்திலும் நாற்பது சமுதாய சுகாதார நிலையங்களில் நம் நாட்டு ஆய்வாளர்களே ஒரு சோதனை செய்தார்கள். 2019இல் முடிவு வந்தது. நர்சின் கையில் ஒரு டேப்லெட், அதில் எந்த மருந்து என்று யோசனை சொல்லும் மென்பொருள். மென்பொருள் இருந்த இடத்திலும் அழுத்தம் குறைந்தது. அது இல்லாமல் நர்சுக்கும் டாக்டருக்கும் பயிற்சி மட்டும் கொடுத்த இடத்திலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது.

எது பலித்தது என்றும் பாருங்கள். இங்கிலாந்தில் 142 மருத்துவ நிலையங்களில் 1,182 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. நோயாளிகள் வீட்டிலேயே அளந்தார்கள். ஒரு பிரிவினர் அந்த எண்ணைச் சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பினார்கள். டாக்டர்கள் அந்த எண்களைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினார்கள், மாற்றினார்கள். ஓராண்டு முடிவில், வழக்கப்படி டாக்டரிடம் போய் அளந்துகொண்டவர்களைவிட இவர்களுக்கு அழுத்தம் குறைந்திருந்தது; எஸ்.எம்.எஸ். அனுப்பியவர்களுக்கு அது சீக்கிரமாகவே குறைந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 450 பேருக்கு வீட்டிலிருந்து அளவு வந்தது, மருந்தாளுநர் போனில் பேசி மாத்திரையைச் சரிசெய்தார். ஆறு மாதத்தில் அந்தப் பிரிவில் 72 சதவீதம் பேருக்குக் கட்டுக்குள் வந்தது, மற்றவர்களில் 45 சதவீதம். அது 2013ஆம் ஆண்டு முடிவு. நமக்கு இன்னும் நெருக்கமானது இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் கிராமங்களில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு. அரசின் சமுதாய சுகாதாரப் பணியாளர்களே வீட்டுக்குப் போய் அளந்தார்கள், ஆலோசனை சொன்னார்கள், கூடுதலாக இருந்தவர்களைப் பயிற்சி பெற்ற டாக்டரோடு இணைத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டில் மேல் எண் மற்ற ஊர்களைவிட ஏறத்தாழ ஐந்து புள்ளி கூடுதலாகக் குறைந்தது. பெரிய கருவி எதுவும் அங்கே இல்லை.

இவற்றை அடுக்கிப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: எண்ணைப் பார்த்த ஒருவர் மாத்திரையை மாற்றிய இடத்திலெல்லாம் அழுத்தம் குறைந்திருக்கிறது. கருவி வெறுமனே நினைவூட்டிய இடத்தில் கூடுதலாகக் குறையவில்லை. ஆகவே பணம் ஒதுக்கும்போது திரைக்கு ஒதுக்குவதற்கு முன்னால், அந்த எண்ணுக்குப் பதில் சொல்லப்போகிற ஆளுக்கு ஒதுக்குங்கள்.

அந்த ஆள் எல்லா நேரமும் டாக்டராக இருக்க வேண்டும் என்பதில்லை. அதே 2021 வழிகாட்டுதல், உரிய பயிற்சியும் மருந்து எழுத அதிகாரமும் எழுத்தில் வகுத்த நெறிமுறையும் டாக்டரின் மேற்பார்வையும் இருந்தால் நர்சும் மருந்தாளுநரும் இந்த வைத்தியத்தைச் செய்யலாம் என்கிறது. துணை சுகாதார நிலையங்களில் நாம் இடைநிலைச் சுகாதாரப் பணியாளர்களை வைத்திருக்கிறோம். நர்சிங் படித்த பிள்ளைகள். வாரத்தில் ஒரு பிற்பகலை இதற்கென்றே ஒதுக்கி, அந்த வாரம் 140/90க்கு மேல் வந்தவர்களின் பட்டியலை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரோடு போனில் உட்கார்ந்து முடித்துவிடலாம். இவருக்கு அடுத்த மாத்திரை சேர், இவருக்கு மறுபடி அள, இவரை நேரில் வரச்சொல். முக்கால்வாசிப் பெயர்களுக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக இருக்கும். 180/110ஐத் தாண்டியவர்கள் இந்தப் பட்டியலுக்காகக் காத்திருக்கக் கூடாது, அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். கூடவே நெஞ்சு வலியோ மூச்சு வாங்கலோ பேச்சுக் குழறலோ இருந்தால் 108தான்.

பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி 2017இல் பஞ்சாப், மத்தியப் பிரதேசம், கேரளம், தெலங்கானா, மகாராஷ்டிரத்தில் தொடங்கியது; அதில் பின்னர் ‘சிம்பிள்’ என்ற இலவசச் செயலி பல இடங்களில் பயன்பட்டது. பெயருக்கேற்ப அதில் கேட்பது கொஞ்சம்: பெயர், அளவு, மருந்து, அடுத்து வர வேண்டிய தேதி. சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, தேதி தாண்டியும் வராதவர்களின் பெயரைத் தானாக முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது. நர்சு அங்கிருந்தே போன் போடலாம். ஜவ்வாதுமலையில் ஒரு மேட்டுக்கு ஏறினால்தான் டவர் கிடைக்கும் ஊர்களில் நடந்தவளுக்கு, சிக்னல் இல்லாமலும் இயங்கும் செயலியின் அருமை நன்றாகத் தெரியும்.

இனி நோயாளியின் பக்கம். ‘நோயாளிக்கு ஒரு செயலி’ என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், யார் கையில் போன் இருக்கிறது என்று அவர்களிடம் கேளுங்கள். பிரஷர் இருக்கிற பெரியம்மாவிடம் பட்டன் போன் இருக்கும், ரீசார்ஜ் முடிந்திருக்கும். ஸ்மார்ட்போன் திருப்பூரில் வேலை செய்கிற மகனிடம் இருக்கும், பதிவேட்டில் கொடுத்திருப்பதும் அவன் எண்ணாகவே இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ். போனால் அது மகனின் போனில் கடன் விளம்பரங்களுக்கு இடையே புதைந்துவிடும். பெரியம்மாவுக்கு வேண்டியது குரல். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த நர்சம்மாவின் குரலாக இருந்தால் இன்னும் நல்லது. பகலில் கழனியில் இருப்பார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் பிடிக்க முடியும். பதிவு செய்த குரலை ஓட்டிவிடலாம் என்று செலவைக் குறைக்கப் பார்க்காதீர்கள்; “பணம் கேக்குறாங்க” என்று பயந்து வைத்துவிடுவார்கள். நினைவூட்டலுக்கு வேண்டுமானால் பதிவுக் குரல் போதும். மாத்திரையை மாற்றும் செய்திக்கு ஆள் பேச வேண்டும். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்: “பழைய மாத்திரையோட சேத்துப் போடணுமா, அத நிறுத்திட்டு இதப் போடணுமா, சொல்லுங்க பெரியம்மா?”

அந்த அழைப்பில் இன்னொன்றும் கேட்க வேண்டும். மாத்திரையை நிறுத்தியவர்களிடம் ஏன் என்று விசாரித்தால் “மறந்துட்டேன்” என்பது முதல் பதிலாக வரும். அது பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்வது. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினால் வேறு கதை வரும். “கால் வீங்குது நர்சம்மா, செருப்பு நுழையல.” அம்லோடிபினுக்கு அது உண்டு. “ராத்திரியெல்லாம் இருமல், பக்கத்துல படுத்தவங்க தூங்க முடியல.” எனலாப்ரில் வகை மாத்திரைக்கு அந்த வறட்டு இருமல் உண்டு. இரண்டுக்கும் மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் அவருக்கு அது தெரியாது. மாத்திரைதான் உடம்பைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டி நிறுத்திவிடுவார். வாசலில் கொடுக்கிற அட்டையை மட்டும் வாங்கி டிவி மேல் வைத்துக்கொள்வார், கொடுக்க வருகிற பெண்ணின் மனம் நோகக் கூடாதே என்று. தலை சுற்றினால் மட்டும் ஒன்று போட்டுக்கொள்கிறவர்கள் இன்னும் அதிகம். பிரஷர் பெரும்பாலும் தலைசுற்றல் காட்டாது என்பதை நாங்கள் எத்தனை சொல்லியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதனால் ‘மாத்திரை போட்டீர்களா, ஆம்/இல்லை’ என்ற கட்டத்தோடு படிவம் முடியக் கூடாது. கால் வீக்கம், இருமல், தலைசுற்றல், வேறு வைத்தியம் பார்க்கிறாரா என்று நான்கு கட்டம் இருக்கட்டும். அந்த நான்கும் டாக்டர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே தெரியட்டும்.

அளவே தப்பாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டு வந்த கையோடு, வாசற்படியில் நின்றபடியே, புடவை முந்தானைக்கும் ரவிக்கைக்கும் மேலே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே எடுக்கிற அளவை வைத்து யாருக்கும் மாத்திரை கூட்டக் கூடாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும், கால் தரையில் படிய வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் தாங்கலாக இருக்க வேண்டும். டீ குடித்தோ பீடி பிடித்தோ அரை மணி ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டு இருந்தாலும் எண் ஏறும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை எடுக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும். ஆகவே பெரிய பட்டையும் பையில் வேண்டும். இதற்கெல்லாம் ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடமாவது ஆகும். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று இலக்கு வைக்கும்போது இந்தப் பத்து நிமிடத்தைக் கணக்கில் எடுத்திருக்கிறோமா என்பதைத் தயவுசெய்து பாருங்கள்.

வீட்டிலேயே சொந்தமாக அளக்கும் வழக்கமும் நகரங்களில் பரவி வருகிறது. நல்லதுதான். எந்தக் கருவி என்பதைத் துறை மக்களுக்குச் சொல்ல வேண்டும்: மேற்கையில் பட்டை கட்டுகிற, முறையாகச் சரிபார்க்கப்பட்ட தானியங்கி மெஷின். வீட்டு அளவுக்கு வரம்பு 135/85 என்பதையும் சொல்ல வேண்டும். இது தெரியாமல் 138/88ஐப் பார்த்து நிம்மதியாக இருக்கிறவர்கள் உண்டு. விரலை கேமராவில் வைத்தால் பிரஷர் சொல்லும் என்கிற செயலிகளைப் பற்றி நேராகவே எச்சரியுங்கள். அமெரிக்காவில் லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற அப்படியொரு செயலியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் சோதித்து 2016இல் எழுதினார்கள்: அழுத்தம் கூடியிருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு அது கூடவில்லை என்று காட்டியது. அதை நம்பி மாத்திரையை விட்டவருக்குப் பக்கவாதம் வந்தால் யார் பொறுப்பு? கைக்கடிகாரம் காட்டும் எண்ணை வைத்தும் யாரும் மாத்திரையைத் தொடக் கூடாது.

ரகசியம் பற்றியும் ஒரு வார்த்தை. பிரஷர்தானே, இதில் என்ன ரகசியம் என்று நினைக்கலாம். திருமணப் பேச்சில் இருக்கும் பெண்ணுக்கு முப்பது வயதில் பிரஷர் இருந்தால் அது ரகசியம். லாரி ஓட்டுகிறவருக்கு அது பிழைப்பு. இந்தப் பதிவுகள் காப்பீட்டு நிறுவனத்துக்கோ கடன் கொடுப்பவருக்கோ எந்த வழியிலும் போகக் கூடாது. எதற்காக எண் வாங்குகிறோம், யார் பார்ப்பார்கள் என்று வாசலில் நிற்கும் தன்னார்வலரே நோயாளிக்கு விளக்கிச் சொல்லும்படி நான்கு வரி எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக அந்தத் தன்னார்வலர்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் அதே பெயர், அதே எண், அதே முகவரி என்று தட்டித் தட்டியே நேரம் போகும் நிலை களப்பணியில் எங்களுக்கு நன்றாகப் பழக்கம். கூடுதலாக ஒரு பதிவைக் கேட்கிறீர்கள் என்றால் பழையதில் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒருமுறை பதிந்தால் எல்லா இடத்துக்கும் போகட்டும். போனுக்கும் ரீசார்ஜுக்கும் துறை பணம் கொடுக்கட்டும், ஊக்கத்தொகை அந்தந்த மாதமே கைக்கு வரட்டும். பிபி மெஷினுக்கு பேட்டரி வாங்கும் செலவு அவர்கள் கையில் இருந்து போகக் கூடாது. அவர்கள் அனுப்பிய எண்ணுக்கு என்ன முடிவானது என்பது அவர்கள் போனிலும் தெரிய வேண்டும். “நீங்க போன மாசம் எடுத்த அளவால இவருக்கு மாத்திரை மாறிச்சு, இப்ப 134க்கு வந்துருச்சு” என்று தெரிந்தால் அடுத்த வீட்டில் அந்த ஐந்து நிமிடம் உட்கார வைக்க அவர்களுக்கே மனம் வரும்.

ஆண்டறிக்கையில் எத்தனை லட்சம் வீடுகளுக்குப் போனோம் என்பதோடு, ஒவ்வொரு வட்டாரத்திலும் பதிவில் உள்ளவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குக் கடைசி அளவு 140/90க்குக் கீழே இருந்தது என்பதையும், அளவு கூடி வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஒரு வாரத்துக்குள் பதில் போனது என்பதையும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். மாநிலம் முழுக்க ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. சமவெளியில் ஒரு வட்டாரம், மலையில் ஒரு வட்டாரம், சென்னையில் ஒரு மண்டலம் என்று ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். அந்த மூன்று இடங்களிலும் உள்ள செவிலியருக்குப் போனில் எப்படிப் பேசுவது, எதைக் கேட்பது என்று பயிற்சி கொடுக்க என்னைப் போல ஓய்வுபெற்ற செவிலியர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமுதாய சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்